சுவரில் தொங்கிய துப்பாக்கி

1

எங்கள் ஊர் ஆண்டை வீட்டுத் தாழ்வாரத்துச் சுவரில் ஒரு துப்பாக்கி தொங்கிக்கொண்டிருக்கும். பண்ருட்டிக்குத் தெற்கே, முந்திரிக் காடும் பலாத் தோப்புமாகக் கிடக்கிற செம்மண் பூமி எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது பழக்கதோஷம். பூமி அவர்களுடையது, அதில் முந்திரிக்கொட்டை பொறுக்கியது நாங்கள். பலாப்பழம் பழுக்கிற காலத்தில் வௌவாலையும் குரங்கையும் விரட்டுவதற்காக அந்தத் துப்பாக்கி வெளியே வரும். ஒரு வெடிச் சத்தம் கேட்கும், காக்கைகள் எழும்பும், அவ்வளவுதான். மனுசனைப் பார்த்து அது சுட்டதாக யாரும் சொன்னதில்லை.

எங்க ஆயாகிட்ட ஒரு தடவை கேட்டேன். "அது சுட்டு நான் பாத்ததில்லடா. ஆனா கூலி சேத்துக் குடுன்னு கேக்கப் போவசொல்ல, ஆண்டெ மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி அதத்தான் பாப்போம். பாத்ததுமே பாதி பேச்சு தொண்டையிலயே நின்னுடும்" என்றாள்.

துப்பாக்கி வன்முறை என்றால் பத்திரிகைகள் செத்தவர்களை எண்ணிக் கணக்குச் சொல்கின்றன. அமெரிக்க நகரங்களில் பள்ளிக்கூடத்தில் சுட்டான், தெருவில் சுட்டான் என்று படிக்கிறோம். அங்கே அதை எப்படிக் குறைப்பது என்று பெரிய விவாதம் நடக்கிறது. நம் நாட்டில், அதிலும் தமிழ்நாட்டில், அப்படியொரு பிரச்சினையே கிடையாது என்பதுதான் படித்தவர்களின் பொதுக் கருத்து. தெருவில் போகிறவன் இடுப்பில் துப்பாக்கி இல்லை என்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கி யார் வீட்டுச் சுவரில், யார் தோளில் தொங்குகிறது, அது யாரைப் பார்த்து நீள்கிறது என்று கேட்டால் கதை வேறாகிறது. எங்க ஆயாவின் தொண்டையில் நின்றுபோன பாதிப் பேச்சையும் சேர்த்தே அந்தக் கணக்கை எழுதவேண்டும்.

2

1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் இந்தியர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கத் தொடங்கினான். 1878-இல் வந்த ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்றது. ஐரோப்பியர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. இந்தியனை நிராயுதபாணியாக்கி அவமானப்படுத்திய சட்டம் என்று காங்கிரஸ்காரர்கள் மாநாடுகளில் கண்டித்தார்கள். ஆனால் லைசென்ஸ் என்று ஒன்று வந்துவிட்டால் அது யாருக்குக் கிடைக்கும்? கலெக்டர் நம்புகிறவனுக்குக் கிடைக்கும். கலெக்டர் யாரை நம்புவார்? வரி கட்டுகிறவனை, மணியக்காரனை, மிராசுதாரை. வெள்ளைக்காரன் பறித்த ஆயுதம் ஊர்த் தெருவுக்கு லைசென்ஸ் என்ற பெயரில் திரும்பி வந்தது. சேரிக்கு வரவில்லை.

இத்தனைக்கும் துப்பாக்கி பிடித்துப் பழகிய கை நம்முடையது. கம்பெனிக் காலத்து சென்னைப் பட்டாளத்தில் பறையர்கள் இருந்தார்கள். பம்பாய்ப் பட்டாளத்தில் மகர்கள் இருந்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று ஒரு கோட்பாட்டைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரன், 1890-களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினான். எவன் வீரன், எவன் வீரனில்லை என்பதையும் சாதி பார்த்தே தீர்மானித்தார்கள்.

விடுதலைக்குப் பின் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. அதன் 13-ஆம் பிரிவு, பாதுகாப்புக்காகவும் பயிர்களைக் காப்பதற்காகவும் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கலாம் என்கிறது. சாதி என்ற சொல் அதில் இல்லை. பயிர் என்ற சொல் இருக்கிறது. பயிரைக் காக்கவேண்டுமானால் பயிர் இருக்கவேண்டும், பயிர் இருக்கவேண்டுமானால் நிலம் இருக்கவேண்டும். நிலம் இல்லாதவன் காட்டுப்பன்றியை விரட்ட என்ன காரணம் சொல்லி மனு எழுதுவான்? நிலத்தின் வழியாகவே சாதி அந்தச் சட்டத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. நிலமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் நரிக்குறவர்கள்தான். குருவி சுட்டுப் பிழைத்த அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை ஆனது.

3

சுவரில் தொங்கியது கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பதை 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணி பார்த்தது. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அந்த மக்கள் செய்த குற்றம். ராமையாவின் குடிசையில் 44 பேர் எரிந்ததை எல்லோரும் எழுதுகிறோம். அவர்கள் ஏன் ஒரே குடிசைக்குள் போய் ஒண்டினார்கள்? வந்த கும்பல் துப்பாக்கியோடு வந்தது. எதிர்த்து நின்றவர்களைச் சுட்டது. பலர் குண்டுக்காயம் பட்டார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அந்தக் குடிசைக்குள் புகுந்தார்கள். தீயை நினைவில் வைத்திருக்கிற நாம் அந்தத் தோட்டாக்களை மறந்துவிட்டோம். தீ வைத்தவர்கள் என்று கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

பீகாரில் அது ஒரு படையாகவே ஆனது. நிலவுடைமையாளர்களின் ரண்வீர் சேனா 1996 ஜூலையில் பதானி டோலாவில் 21 பேரைக் கொன்றது. 1997 டிசம்பர் 1 இரவு லட்சுமண்பூர் பாதேயில் 58 தலித்துகளைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் தூக்கத்திலேயே சுடப்பட்டார்கள். இரண்டு வழக்கிலும் கீழ்நீதிமன்றம் தண்டித்தது. 2012-இலும் 2013-இலும் பாட்னா உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. கீழ்வெண்மணிக்கும் பாதேவுக்கும் நடுவே முப்பது வருசம், ஆயிரம் மைலுக்கு மேல் தூரம். தீர்ப்பு மட்டும் ஒன்றே.

4

கிராமத்தில் நிலவுடைமையாளன் சுவரில் இருந்த துப்பாக்கி, நகரத்தில் சீருடைக்காரன் தோளில் இருக்கிறது. கூலி கேட்டு, நியாயம் கேட்டு, சிலையை ஏன் அவமதித்தாய் என்று கேட்டு ரோட்டுக்கு வருகிற கூட்டத்தை நோக்கி அது நீள்கிறது.

1997 ஜூலை 11 காலையில் பம்பாய் காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருந்தது. மக்கள் நெடுஞ்சாலையில் திரண்டார்கள். ரிசர்வ் போலீஸ் வந்து சுட்டது. 10 பேர் செத்தார்கள். கூட்டம் எரிவாயு டேங்கர்களைக் கொளுத்தப் பார்த்தது, அதனால் சுட்டோம் என்றது போலீஸ். அந்தத் துப்பாக்கிச் சூடு நியாயமற்றது என்றது குண்டேவார் ஆணையம். சுடச் சொன்ன அதிகாரிக்கு 2009-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. பன்னிரண்டு வருசம் ஆனது. தண்டனை வந்த கையோடு மேல்முறையீட்டில் ஜாமீனும் வந்தது.

2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அஞ்சலி செலுத்த வந்த ஜான் பாண்டியனைப் போலீஸ் வழியில் கைது செய்தது. ஐந்துமுனைச் சந்திப்பில் மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். போலீஸ் சுட்டது. தலித்துகள் ஆறு பேர் செத்தார்கள். விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தியது. 1957-இல் அதே செப்டம்பர் 11-இல் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரை நினைத்து அழ வந்தவர்களையும் அதே தேதியில் கொன்றார்கள்.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்த மக்களைச் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். தப்பி ஓடியவர்களையும் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது. போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்ன அதன் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

1987 செப்டம்பர் 17-இல் வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு ஒருவாரச் சாலைமறியலைத் தொடங்கியது. ரோட்டோர மரங்களை வெட்டிப் போட்டார்கள். தென்னார்க்காடு முழுக்கப் போக்குவரத்து நின்றது. அந்தப் போராட்டத்தில் 21 பேர் செத்தார்கள். அதே வாரத்தில் பல ஊர்களில் சேரிகள் எரிந்தன. எனக்கு அப்போது பதினோரு வயது. ஆட்டுக்குட்டியையும் என்னையும் இழுத்துக்கொண்டு எங்க ஆயா முந்திரிக் காட்டுக்குள் போய் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் புகை தெரிந்தது. வேறொரு பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. "யாரச் சுடுறாங்க ஆயா?" என்று கேட்டேன். "யாராயிருந்தா என்னா, ஒருத்தி பெத்த புள்ளதான்" என்றாள்.

இதை எழுதினால் சில தோழர்கள் வருத்தப்படக்கூடும். எங்கள் குடிசைக்குத் தீ வைத்தவர்களுக்காக நீ ஏன் அழவேண்டும் என்று கேட்கக்கூடும். நான் சொல்ல வருவது இதுதான். அந்தத் தோட்டாக்கள் எந்தச் சேரியையும் காப்பாற்றவில்லை. ரோட்டில் மறியல் செய்தவனைச் சுட்ட போலீஸ், சேரி எரிந்தபோது அங்கே வரவில்லை. அரசின் துப்பாக்கி நம் எதிரியைச் சுட்டால் அது நமக்கான பாதுகாப்பு என்று நினைப்பது ஏமாளித்தனம். செத்த 21 பேருக்கு விழுப்புரத்தில் 2025 ஜனவரியில் மணிமண்டபம் திறந்தார்கள். திறக்கட்டும். அந்த வாரம் எரிந்த குடிசைகளைச் சொல்லும் ஒரு கல்லை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

2014 மார்ச் 17 அன்று நெய்வேலி இரண்டாம் சுரங்க வாயிலில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர். வாயிலில் ஏற்பட்ட வாக்குவாதம்தான் காரணம். குண்டு தலையில் பாய்ந்தது. பிணத்தைப் பார்க்கத் திரண்ட தொழிலாளிகள் மீது தடியடி நடந்தது.

நெய்வேலியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடக்கிவைத்து, சுற்றிலும் கிராமங்களை எடுத்துவிட்டுக் கட்டிய ஊர் அது. வட்டம் வட்டமாகப் பிரித்து, நேரான ரோடும் நிழல் மரமும் வைத்துக் கட்டினார்கள். பண்ருட்டிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து பார்த்தால் அது வெளிநாடு மாதிரி இருக்கும். அங்கே நிரந்தரத் தொழிலாளி ஒரு சாதி, காண்ட்ராக்ட் ஆள் இன்னொரு சாதி. நிலத்தைக் கொடுத்தவன் பாஸ் கேட்டு வாயிலில் நிற்பான். அந்த வாயிலில் நிற்கிறவன் தோளில் துப்பாக்கி இருக்கும். எங்க ஆயா தாழ்வாரத்தில் பார்த்ததை என் சித்தப்பா முப்பது வருசம் தினமும் ஷிப்ட்டுக்குப் போகும்போது பார்த்தார். வாக்குவாதத்துக்குத் தோட்டாவால் பதில் சொல்லலாம் என்ற துணிச்சல் ஒரே நாளில் வந்திருக்காது.

2023 ஜூலை 28-இல் அதே நெய்வேலியில் நிலம் எடுப்பதை எதிர்த்து பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய போராட்டம் கலவரமானது. கல்லெறி நடந்தது, போலீஸ் வாகனங்கள் உடைந்தன. போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. வானத்தை நோக்கிச் சுடமுடியும் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பரமக்குடிக்கும் தூத்துக்குடிக்கும் மேலேயும் வானம் இருந்தது.

5

குறைப்பதற்கு என்ன வழி? வழி சட்டத்திலேயே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 1995-இல் வந்தன. அந்த விதிகளில் மூன்றாம் விதியை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யவேண்டும். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்கிறது அது. அந்தப் பகுதியில் தேவைப்பட்டால் தலித், பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யவேண்டும் என்கிறது. உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர் பெயரில் இருக்கும் லைசென்ஸுக்கும் இது பொருந்தும். எழுதியவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கிறது. கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யவேண்டும் என்கிறது. தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத லைசென்ஸ் கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது.

இந்த விதியைச் சொன்னால் சிரிக்கிற அதிகாரிகள் உண்டு. "அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராதுங்க" என்பார்கள். ஒத்துவரும். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 1996 தேர்தலின்போது ஆண்டை வீட்டு ஆள் ஒருவர் அந்தத் துப்பாக்கியைத் துண்டில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனதை நானே பார்த்தேன். ஆளரவமில்லாத அந்தச் சுவரைப் பார்க்க எங்க ஆயா வேலை இல்லாத நாளிலும் ஒரு நடை போய்வந்தாள். "ஆணி மட்டுந்தான் கீது" என்று வந்து சொன்னாள். அந்த மாதம்தான் எங்கள் தெருப் பெண்கள் முந்திரிக்கொட்டை பொறுக்கக் கூலி உயர்த்திக் கேட்டார்கள். ஐம்பது காசு கூடியது. ஓட்டுக்காக ஒரு மாதம் இறக்கிவைக்க முடிந்த துப்பாக்கியைச் சேரிக்காக ஏன் இறக்கிவைக்க முடியாது?

தலித்துகளுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்ற பகுதியைப் பற்றி நமக்குள்ளேயே விவாதம் உண்டு. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் 1966-இல் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள், சட்டம் அனுமதித்தபடி துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி, கறுப்பர் தெருக்களில் போலீஸைப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள். உடனே 1967-இல் கலிபோர்னியா அரசு பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடைசெய்து சட்டம் போட்டது. வெள்ளையர் கையில் உரிமையாக இருந்தது கறுப்பர் கைக்கு வந்ததும் குற்றமாகிவிட்டது. அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றினார்கள். பெயரை எடுத்தார்கள், துப்பாக்கியை எடுக்கவில்லை. அவர்களுடைய ஆயுதம் எழுத்தும் ஊர்வலமும்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு துப்பாக்கி தொங்குவதை நான் விரும்பவில்லை. தொங்கினால் நாளைக்கு அது எங்கள் வீட்டுப் பெண்ணின் தொண்டையில்தான் பேச்சை நிறுத்தும். மூன்றாம் விதியின் முதல் பாதியை நடைமுறைப்படுத்தினால் பின்பாதிக்கு அவசியமே வராது. முதல் பாதியைச் செய்யாத அரசுக்குப் பின்பாதியைக் கேட்கிறவனைக் கண்டிக்க யோக்கியதை கிடையாது.

அமெரிக்காவிலும் குறைத்திருக்கிறார்கள். பாஸ்டன் நகரில் 1996-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் ஊர் முழுக்கச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு, யார் கையில் துப்பாக்கி இருக்கிறதோ அந்தச் சிறு கூட்டத்தை நேரில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். சுட்டால் என்ன ஆகும் என்று சொன்னார்கள். விட்டுவிட்டால் என்ன உதவி கிடைக்கும் என்றும் சொன்னார்கள். தேவாலய ஊழியர்களும் தெருவில் வேலை செய்கிறவர்களும் கூட நின்றார்கள். இளைஞர் கொலைகள் பாதிக்கும் மேல் குறைந்தன. துப்பாக்கி வைத்திருப்பவன் பெயரும் முகவரியும் தெரிந்திருப்பதுதான் அங்கே முதல் வேலையாக இருந்தது. இங்கே அந்த வேலையும் இல்லை. லைசென்ஸ் வாங்கியவன் முகவரி கலெக்டர் ஆபீசில் இருக்கிறது. துப்பாக்கி வாங்கிய போலீஸ்காரன் பெயர் ஆயுதக் கிடங்குப் பதிவேட்டில் இருக்கிறது.

6

சீருடைக்காரனின் துப்பாக்கியை என்ன செய்வது? எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி எல்லாம் முடிந்த பிறகே துப்பாக்கி என்று விதி இருக்கிறது. கலைந்து ஓடுகிறவனைச் சுடக்கூடாது என்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைத்தேன் என்று சொல்லும் அதிகாரி மீது அரசின் முன்அனுமதி இல்லாமல் வழக்கு நடத்தமுடியாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதே பாதுகாப்பு 151-ஆம் பிரிவாகப் பத்திரமாக இடம் மாறியது. சுடச்சொன்ன அரசிடமே, சுட்டவன் மீது வழக்குப் போடலாமா என்று போய்க் கேட்கவேண்டும்.

2014-இல் 'என்கவுன்டர்' சாவுகள் குறித்து உச்சநீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் கொடுத்தது. வழக்குப் பதிவு செய்யவேண்டும், சுட்ட போலீஸ் நிலையத்தார் விசாரிக்காமல் வேறொரு அமைப்பு விசாரிக்கவேண்டும், சுட்ட ஆயுதத்தை ஒப்படைத்துத் தடயவியல் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்றது. கூட்டத்தைப் பார்த்துச் சுடும்போதும் இதே கறார் வேண்டும். எந்தத் துப்பாக்கி, எத்தனை ரவுண்டு, யார் கை, யார் உத்தரவு. இந்த நாலு கேள்விக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று இருந்தால், விரல் குதிரையைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிசம் யோசிக்கும். ஆணையம் போட்டு, அறிக்கை வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினால் யோசிக்காது.

இது மாணவத் தோழர்கள் கையில் எடுக்கக்கூடிய வேலை. உங்கள் மாவட்டத்தில் எத்தனை துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது, எந்த ஊர்களில் இருக்கிறது, எந்தக் காரணம் சொல்லி வாங்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வன்கொடுமை நடக்கும் பகுதி என்று உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த ஊர்கள் குறிக்கப்பட்டுள்ளன என்று கேளுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் விதியின்படி இதுவரை எத்தனை லைசென்ஸ் ரத்தாகியிருக்கிறது என்று மூன்றாவது மனுவையும் எழுதுங்கள்.

எங்க ஆயா 2003-இல் செத்துப்போனாள். ஆண்டை வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் சென்னையில். போன வருசம் ஊருக்குப் போனபோது தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தேன். சுவரில் துப்பாக்கி இல்லை. ஆணி இருந்தது. கூட வந்த என் மகள், "என்னப்பா பாக்குற?" என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப அது எங்க இருக்கு?" என்றாள்.